கத்தாரில் டைவிங் வேலை வந்திருக்கிறது, மூன்று வருட பாண்ட் கேட்கிறார்கள்: போகலாமா?

சங்குக்காரர் மகன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

வயது 28. கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில் ஒரு கடற்கரைக் கிராமம். பெயர் வேண்டாம், இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அப்பா சங்கு குளிக்கப் போனவர். காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு நாலு பாகம், ஐந்து பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) மூச்சடக்கி இறங்குவார். வத்தையில், அதாவது சின்னப் படகில், உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பது என் வேலை. எண்பதைத் தாண்டினால் எனக்கு வயிற்றைப் பிசையும், தொண்ணூறுக்குள் தலை தெரிந்துவிடும். பத்து வயதில் நானும் இறங்க ஆரம்பித்தேன், அப்போதிலிருந்தே தண்ணீருக்கு அடியில்தான் என் பிழைப்பு என்று முடிவு செய்துவிட்டேன்.

பிறகு எண்ணெய்க் குழாய்களில் கடலுக்கடியில் வேலை செய்யும் டைவர்களை ஒரு வீடியோவில் பார்த்தேன். தலையில் குண்டான் மாதிரி ஹெல்மெட், முதுகில் தொங்கும் குழாய், அதன் வழியாகக் காற்றும் பேச்சும். இதுதான் என்று அன்றைக்கே மனதில் விழுந்தது. அக்கா நகையை வைத்துக் கமர்ஷியல் டைவிங் கோர்ஸ் முடித்தேன் (நகையைத் திருப்பிவிட்டேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்). துறைமுகத் தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுவது, கப்பல் அடிப்பாகத்தைப் பார்ப்பது என்று நாலு வருடம் சின்னச் சின்ன கான்ட்ராக்ட் வேலை.

இப்போது அந்தக் கனவு வேலை வந்திருக்கிறது. கத்தார் கடலில், மாதம் இரண்டே கால் லட்சம். முதல் இரண்டு வருடம் ஏர் டைவர், அதாவது சாதாரணக் காற்றைச் சுவாசித்து இறங்குகிற வேலை. அதன் பிறகு கம்பெனி செலவிலேயே இன்னும் ஆழத்துக்குப் போகிற சாட்சுரேஷன் டைவிங் பயிற்சி, அது முடிந்தால் சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் பயிற்சி முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம் விலகக்கூடாது, விலகினால் 18 லட்சம் கட்ட வேண்டும். இரண்டு மாதம் கடல், ஒரு மாதம் வீடு. வீட்டில் இருக்கும் அந்த ஒரு மாதமும் கூப்பிட்டால் 48 மணி நேரத்தில் கிளம்ப வேண்டும். அந்த மாதத்தில் வேறெங்கும் டைவிங் செய்யக்கூடாது, காசு வாங்காமல் செய்தாலும் கூடாது. நான் சின்னதாக ஒரு வீடியோ சேனல் வைத்திருக்கிறேன், பவளப்பாறை, கடல்குதிரை என்று போடுவேன், அதையும் நிறுத்தச் சொல்கிறார்கள்.

இங்கே என் வாழ்க்கை எப்படி என்றால், காலையில் எழுந்து காற்றைப் பார்ப்பேன். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்துத் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கிக் கிடந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வடகடல் (பாக் நீரிணை) பக்கம் போய்விடுவேன், வாடைக் காலத்தில் அப்படியே மாறிவிடும். சனி ஞாயிறில் பிரப்பன்வலசைப் பக்கம் வருகிற டூரிஸ்டுகளோடு வேலை. எப்போதாவது செயற்கைப் பவளப்பாறை இறக்கும் இடத்தில் டைவர் வேண்டும் என்று கூப்பிடுவார்கள். நல்ல மாதம் என்றால் 35,000 வரும், மோசமான மாதத்தில் பெட்ரோலுக்கே அம்மாவிடம் கை நீட்ட வேண்டும். ஆனால் இதுவரை யாரிடமும் லீவு கேட்டது கிடையாது.

அம்மா போ என்கிறார். பெண் வீட்டார் இரண்டு பேர் கத்தார் என்றதும் ஜாதகத்தை மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும். நான் தயங்குவது பைத்தியக்காரத்தனமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தொண்டிக்காரன்:

ரெண்டே கால் லட்சத்துக்குத் தயங்குகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகைக் கரையில் கட்டிப் போட்டுவிட்டு, அரசு கொடுக்கும் 8,000 ரூபாயில் குடும்பம் நடத்துகிறவர்கள் நாங்கள். அதற்கு அப்புறம் போனாலும் எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று ராத்திரி முழுக்க ரேடியோவைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். சுதந்திரம், காற்றைப் பார்ப்பேன் என்பதெல்லாம் 28 வயதில் நன்றாக இருக்கும். 45 வயதில் அந்தக் காற்று வந்து ரேஷன் வாங்கித் தராது. கிளம்புங்க பாஸ்.

கீழக்கரை காக்கா:

தம்பி, நான் வளைகுடாவில் 22 வருஷம் இருந்துவிட்டு 2019இல் திரும்பியவன். கத்தாரிலும் கொஞ்ச காலம் இருந்திருக்கிறேன். தொண்டிக்காரர் சொல்வதை நான் மறுக்கவில்லை, ஆனால் சில விஷயங்களைக் கையெழுத்து போடுவதற்கு முன்னால் தெரிந்துகொண்டு போ.

என் காலத்தில் பாஸ்போர்ட் மேனேஜருடைய மேஜை டிராயரில் இருக்கும். நாட்டை விட்டு வெளியே வர முதலாளி கையெழுத்து போட்ட பர்மிட் வேண்டும். வாப்பா மௌத்தான செய்தி ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது. கையெழுத்து போட வேண்டியவர் லீவில் பாலைவனத்தில் கூடாரம் அடித்திருந்தார், போன் எடுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம்தான் பேப்பர் கிடைத்தது. நான் வந்து இறங்கியபோது அடக்கம் முடிந்து மூன்று நாள். கம்பெனி பெயரெல்லாம் வேண்டாம். அந்த டிராயரின் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது, கொஞ்சம் சிக்கிக்கொண்டுதான் திறக்கும் அது.

இப்போது நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். கத்தாரில் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு 2018இல் அந்த வெளியேறும் பர்மிட்டை எடுத்துவிட்டார்கள். 2020இல் வேலை மாற முதலாளியின் தடையில்லாச் சான்று தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள், இரண்டு வருஷத்துக்குள் என்றால் ஒரு மாதம், அதற்கு மேல் என்றால் இரண்டு மாதம் முன்னறிவிப்பு கொடுத்தால் போதும். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது அங்கேயே குற்றம். நம் ஊர்ச் சட்டப்படியும் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, உன் கையில் இருக்க வேண்டியது. பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று சிரித்துக்கொண்டே வாங்குவார்கள், கொடுக்காதே. ஏஜென்ட் மூலமாகப் போகிறாய் என்றால் அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு செய்தவரா என்று பார். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் கேட்டால் அங்கேயே எழுந்து வா.

இன்னொன்று. நான் ஐந்து வருஷம் என்று சொல்லித்தான் போனேன். வீடு கட்டினால் போதும் என்றுதான் கணக்கு. வீடு முடிந்ததும் தங்கச்சி கல்யாணம் வந்தது, அது முடிந்ததும் மாடி. மாடி யாருக்கு என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியவில்லை. பெண்டாட்டியும் நானும் கீழே இரண்டு அறையில் இருக்கிறோம், மேலே புறாதான் இருக்கிறது. எங்கள் தெருவில் நோன்புப் பெருநாளுக்கு மட்டும் கதவு திறக்கிற வீடுகள் எத்தனை என்று ஒருநாள் வந்து பார். அதனால் எவ்வளவு பணம், எதற்கு, எந்த வருஷத்தோடு நிறுத்துவது என்று ஒரு தாளில் எழுதி உம்மாவிடம், அதாவது உன் அம்மாவிடம், கொடுத்துவிட்டுப் போ. உன்னிடமே வைத்துக்கொண்டால் அந்த எண்ணை நீயே அழித்து அழித்து எழுதுவாய்.

ஹீலியம் குரல்:

நான் சாட் டைவர், அதாவது சாட்சுரேஷன் டைவர். 11 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அண்ணன் மாதிரி நினைத்துக்கொள்.

முதலில் சம்பளம். அது மாதச் சம்பளமா, கடலில் இருக்கும் நாளுக்கு மட்டுமா என்று கேட்டாயா? இரண்டே கால் லட்சம் என்பது கடலில் இருக்கிற மாதத்துக்கு மட்டும் என்றால் வருடத்தில் எட்டு மாதம்தான் வரும், சராசரி ஒன்றரை லட்சம். கூப்பிட்டால் 48 மணி நேரத்தில் வா என்கிறவன் அந்த மாதத்துக்குக் காத்திருப்புப் பணம் தர வேண்டும். தராவிட்டால் உன் ஒரு மாதத்தை ஓசியில் வாங்குகிறான் என்று அர்த்தம்.

இப்போது சாட் என்றால் என்ன என்று உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் வீடியோவில் வராததைச் சொல்கிறேன். ஏர் டைவிங் 50 மீட்டர் வரைதான். அதற்குக் கீழே என்றால் கப்பல் மேலேயே ஒரு இரும்புச் சேம்பருக்குள் உன்னைப் பூட்டி, வேலை செய்யப்போகிற ஆழத்தின் அழுத்தத்தை உள்ளேயே ஏற்றிவிடுவார்கள். 28 நாள் வரை அங்கேதான் குடித்தனம். நாளுக்கு ஒரு தடவை பெல் என்கிற உருண்டையில் ஏறிக் கடலடிக்குப் போய், ஆறு மணி நேரம் வேலை பார்த்து, மறுபடி அதே சேம்பர். சுவாசிப்பது ஹீலியம் கலந்த காற்று, அது உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், அதனால் போட்டிருக்கும் டைவிங் உடைக்குள் வெந்நீர் ஓடிக்கொண்டே இருக்கும். குரல் வாத்து மாதிரி ஆகிவிடும். என் மகளுக்கு மூன்று வயதில் நான் போன் பண்ணினால் பயந்து அழுதாள், இப்போது சிநேகிதிகளைக் கூட்டிவைத்துக்கொண்டு அப்பா பேசு, அப்பா பேசு என்கிறாள்.

நீ சுதந்திரம் பற்றிக் கேட்டதால் இதைச் சொல்ல வேண்டும். சேம்பருக்குள் கக்கூஸில் தண்ணீர் விடக்கூட வெளியே இருக்கிறவரிடம் மைக்கில் கேட்க வேண்டும். வால்வு வெளியேயும் இருக்கிறது, உள்ளேயும் இருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்துதான் திறக்க முடியும். சாப்பாடு லாக் என்கிற சின்ன இரட்டைக் கதவு வழியாக வரும். முதல் தடவை அம்மா கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை மூடி இறுக்கமாக இருந்தபடியே உள்ளே அனுப்பிவிட்டார்கள். அழுத்தத்தில் மூடி உள்ளே குழிந்து ஒட்டிக்கொண்டது, நாலு பேர் மாற்றி மாற்றித் திருகியும் வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே 19 நாள் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

வெளியே வருவதற்குத் தோராயமாக 30 மீட்டருக்கு ஒரு நாள், கூட ஒரு நாள். 100 மீட்டர் அழுத்தத்தில் இருக்கும்போது வீட்டில் ஏதாவது என்றால் நாலைந்து நாள் கழித்துத்தான் கதவு திறக்கும். காக்கா சொன்னாரே மேனேஜர் கையெழுத்து, இங்கே யார் கையெழுத்து போட்டாலும் திறக்காது. அவசரப்பட்டுத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1983இல் ஐரோப்பாவில் வடகடலில் (நம்ம வடகடல் இல்லை) பைஃபோர்ட் டால்ஃபின் என்ற ரிக்கில் ஐந்து பேர் செத்ததைச் சொல்வார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அதற்கப்புறம் கதவு அமைப்பையே மாற்றிவிட்டார்கள்.

ஆனால் ஒன்று. அந்தப் பெல்லின் அடிக்கதவு திறந்து, கீழே கறுப்பாகத் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் நிற்கும், அதற்குள் காலை விடுகிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதற்காக நான் இன்னும் பத்து வருடம் கக்கூஸுக்கு அனுமதி கேட்பேன். உனக்கு அது புரியும் என்றால் போ. சம்பளத்துக்காக மட்டும் என்றால் முதல் வாரத்திலேயே சுவரைக் குத்த ஆரம்பித்துவிடுவாய், அப்படி இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன்.

பாசிக்காரி மகள்:

பாம்பன் பக்கம். எல்லாரும் ஆம்பளைகளாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் நானும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி, நீங்க காற்றைப் பார்த்து எழுந்திருக்கிற காலையில் சுடுதண்ணி வைத்தது யார்? பெட்ரோலுக்கு அம்மாவிடம் கை நீட்டுகிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அம்மாவுக்கு அந்தக் காசு எங்கேயிருந்து வந்தது? மோசமான மாதத்தில் உங்கள் சுதந்திரத்துக்கு வாடகை கொடுக்கிறது அவங்கதானே. இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை, எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

எங்க அம்மா நாற்பது வருடமாகத் தீவுப் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று கடல்பாசி எடுக்கிறார். விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் ரப்பரைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் சாக்கு. 21 தீவையும் 1986இல் தேசியப் பூங்காவாக்கிய பிறகு போனால் திருடி மாதிரி ஓட வேண்டியிருந்தது. அதற்கப்புறம் பாசி எடுக்கிற பெண்களே உட்கார்ந்து பேசி அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள், மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, வேரோடு பிடுங்குவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 12 நாள்தான் வேலை என்றால் வருமானம் குறையும், தெரிந்துதான் செய்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தர், சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி, 2015இல் அமெரிக்காவில் சீகாலஜி என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் பரிசு வாங்கினார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்க அம்மாவுக்கு இருப்பதிலேயே கறாரான வேலை நேரம் அதுதான், 13ஆவது நாள் போக முடியாது. ஆனால் அதை அவங்க ஒருநாளும் கட்டிப்போட்ட மாதிரி பேசி நான் கேட்டதில்லை. ஏனென்றால் அந்த 12 என்பதைச் சொன்னபோது அவங்களும் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தாங்க. உங்க ஒப்பந்தத்தில் 48 மணி நேரம் என்று எழுதியபோது நீங்க அங்கே இருந்தீர்களா? இல்லை என்றால் இப்போதாவது போய் உட்காருங்க. மாற்றித் தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தீர்களா என்பதை நீங்க எழுதவே இல்லை.

அப்புறம், அப்பா ஏன் பேசவில்லை? கேட்டீங்களா?

சங்குக்காரர் மகன்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை, கொஞ்சம் சுட்டது.

அப்பாவிடம் கேட்டேன். அவர் சாதாரணமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார், நேற்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து பேசினார். கல்யாணம் ஆன வருடம் சங்கு வியாபாரியிடம் மூவாயிரம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். அட்வான்ஸ் வாங்கினால் சங்கை அவருக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்கிற விலைதான். சங்கை அளவு வளையத்தில் விட்டுப் பார்ப்பார்கள், 57 மில்லிமீட்டருக்குக் குறைந்தது கழிவு, திரும்பக் கடலில் போட வேண்டியது. எங்கள் வியாபாரி வீட்டு வளையம் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்குமாம். கழிவு என்று ஒதுக்கியது திரும்பக் கடலுக்குப் போகவும் போகாது, அடுத்த வாரம் நல்ல சங்கோடு சேர்ந்து கல்கத்தாவுக்கு வளையல் அறுக்கப் போய்விடும். அப்பாவுக்கு அது தெரியும், வியாபாரிக்கு அவருக்குத் தெரியும் என்பதும் தெரியும். மூவாயிரம் அடைய 11 வருடம் ஆகியிருக்கிறது, இடையில் என் மூத்த அக்கா பிறந்ததற்கு, பாட்டி செத்ததற்கு என்று மேலே மேலே ஏறியிருக்கிறது. படகிலிருந்து காற்று அனுப்பும் கம்ப்ரசர் குழாய் வந்த காலத்தில் கூட நேரம் கீழே இருக்கச் சொன்னதும் அந்தக் கடனுக்காகத்தான், இடது கால் இழுத்துக்கொண்டதும் அதில்தான். இது எனக்குத் தெரியாது. கால் பாறையில் அடிபட்டது என்றுதான் சின்ன வயதிலிருந்து சொல்லிவைத்திருந்தார்.

கடைசியாக ஒன்று சொன்னார்: "நான் யாரிடமும் லீவு கேட்டதில்லை. ஆனால் ஒரு சங்கைக்கூட நான் விலை சொல்லி விற்றதில்லை."

போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பேப்பரை எடுத்து வந்து படித்துக் காட்டச் சொன்னார். 14 பக்கம், தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். 18 லட்சம் என்ற இடம் வந்ததும், "இது அட்வான்ஸா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நீதிமன்ற வாசல்:

ராமநாதபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன், வக்கீல் இல்லை. பேப்பரை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், ஆயிரம் இரண்டாயிரம் ஆனாலும் பரவாயில்லை. எனக்குத் தெரிந்தது:

பாண்ட் என்றாலே செல்லாது என்று ஊரில் சொல்வதை நம்ப வேண்டாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆனால் எந்தத் தொகையையும் எழுதிக்கொள்ளலாம் என்று ஆகாது. ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்புதான், நியாயமான இழப்பு எவ்வளவோ அதைத்தான் கேட்க முடியும். பயிற்சிக்கு உண்மையில் எவ்வளவு செலவு என்று ரசீதோடு காட்டச் சொல்லுங்கள். இரண்டரை வருடம் வேலை பார்த்துவிட்டு விலகினாலும் முழு 18 லட்சம்தானா, மாதாமாதம் குறையுமா? குறைய வேண்டும், அதை எழுத்தில் வாங்குங்கள்.

வேலையில் இருக்கும்போது வேறெங்கும் செய்யாதே என்பது செல்லும். வேலையை விட்ட பிறகும் அதே தொழிலைச் செய்யாதே என்பது இந்தியாவில் 27ஆவது பிரிவின்படி செல்லாது. ஆனால் உங்கள் ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கும், பாருங்கள். கத்தார் சட்டம் என்று இருந்தால் அங்கே போட்டி நிறுவனத் தடை ஒரு வருடம் வரை எழுதலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது வேறு. உங்கள் முதல் பதிவை மறுபடி படித்தேன். பாண்ட் சாட் பயிற்சி முடிந்த நாளிலிருந்துதான் என்கிறீர்கள். அப்படியென்றால் முதல் இரண்டு வருடத்துக்குப் பாண்டே கிடையாது. இரண்டு வருடம் கழித்து அந்தப் பயிற்சிக்குப் போவது கட்டாயமா, உங்கள் விருப்பமா? ஆங்கிலத்தில் அந்த வரியில் என்ன வினைச்சொல் போட்டிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள், மற்ற 13 பக்கமும் அப்புறம்.

தொண்டிக்காரன்:

குமாஸ்தா சார் பீஸ் வாங்காமல் இப்படிப் பேசினால் வக்கீல் எப்படிப் பிழைப்பார்.

நான் முன்னால் எழுதியதில் கொஞ்சம் வேகமாகத்தான் பேசிவிட்டேன் தம்பி. எங்க சித்தப்பாவும் கம்ப்ரசரில் போய் இடுப்புக்குக் கீழே விளங்காமல் கிடந்தவர்தான். அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்க.

சங்குக்காரர் மகன்:

முதல் பதிவு போட்டு ஒன்பது நாள் ஆகிவிட்டது.

குமாஸ்தா சார் சொன்ன வரியைப் பார்த்தேன், எங்கள் ஊர் டீச்சர் ஒருவரிடமும் காட்டினேன். 'பயிற்சிக்குப் பரிந்துரைக்கப்படலாம்' என்கிற மாதிரி இருக்கிறது, போயே ஆக வேண்டும் என்று இல்லை. கம்பெனிக்கு மெயில் எழுதிக் கேட்டேன். கை நடுங்கியது, கேட்டால் வேலையே போய்விடுமோ என்று. நாலு விஷயம் கேட்டேன்.

பயிற்சி விருப்பம்தான் என்று எழுத்தில் சொல்லிவிட்டார்கள், வேண்டாம் என்றால் ஏர் டைவராகவே தொடரலாம். பாண்ட் தொகை மாதம் 50,000 வீதம் குறையும் என்பதற்கும் ஒத்துக்கொண்டார்கள், இதை இவ்வளவு சுலபமாகத் தருவார்கள் என்று நினைக்கவில்லை, கேட்காதவர்களுக்குத் தருவதில்லை போல. 48 மணி நேரத்தை ஏழு நாள் ஆக்கக் கேட்டேன், வருடத்தில் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடமாட்டோம், கூப்பிட்டால் அந்த நாட்களுக்குத் தனிப் பணம் என்று நடுவில் வந்து நின்றார்கள். வீட்டு மாதத்தில் டைவிங் என்பதற்கு, சிலிண்டர் போட்டு எங்கும் இறங்கக்கூடாது, இன்சூரன்ஸ் பிரச்சினை, மூச்சடக்கி இறங்குவது உன் இஷ்டம் என்றார்கள். அது போதும், எனக்குத் தெரிந்த முதல் டைவிங் அதுதானே. வீடியோ சேனல் விஷயத்தில் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அது வலிக்கத்தான் செய்கிறது, 212 வீடியோ.

ஹீலியம் அண்ணன் கேட்டதையும் கேட்டேன். சம்பளம் கடலில் இருக்கும் மாதங்களுக்கு மட்டும்தான். ஆக அண்ணன் போட்ட கணக்கு சரி, சராசரி ஒன்றரை லட்சம். பெண் வீட்டாரிடம் அம்மா இன்னும் இரண்டே கால் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் திருத்தப் போவதில்லை என்று நினைக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை நானே போய்ச் சொல்லப்போகிறேன்.

இரண்டு வருடம் ஏர் டைவிங் மட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். சேம்பர் பற்றி அதற்கப்புறம். காக்கா சொன்ன தாளை எழுதி அம்மாவிடம் கொடுத்தேன்: வத்தை ஒன்று சொந்தமாக, எஞ்சினோடு, அப்பா காலுக்கு மதுரையில் வைத்தியம், 12 லட்சம் கையில். அம்மா படித்துப் பார்த்துவிட்டுக் கீழே 'கல்யாணம்' என்று பென்சிலால் சேர்த்துவிட்டார். காக்கா, ஆரம்பித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மெடிக்கல். கையெழுத்து போட இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

கீழக்கரை காக்கா:

பென்சில்தானே, பரவாயில்லை. பேனாவில் எழுதினால் சொல். துஆ செய்கிறேன் தம்பி.

பாசிக்காரி மகள்:

அந்த 212 வீடியோவை அழிக்கச் சொன்னார்களா, புதிதாகப் போடாதே என்றார்களா? இரண்டும் ஒன்றில்லை. அதையும் ஒரு மெயில் போட்டுக் கேளுங்க.

ஹீலியம் குரல்:

அக்கா சொல்வது சரி, கேள்.

மெடிக்கலுக்குப் போகும்போது சளி, மூக்கடைப்பு ஏதாவது இருந்தால் தேதியை மாற்றித் தரச் சொல். காது அடைத்துக்கொண்டு அழுத்தச் சோதனையில் உட்கார்ந்தால் நல்ல காதையும் கெட்டது என்று எழுதிவிடுவார்கள். முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கு, பிரஷர் ஏறியிருந்தாலும் பிரச்சினை. போகிற அன்றைக்குக் காலையில் கடலில் இறங்காதே, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், இறங்குவாய்.

ஊறுகாய் நார்த்தங்காய் எடுத்துக்கொண்டு போ. இப்போது சேம்பர் இல்லை, மூடியை நன்றாக இறுக்கியே வைக்கலாம்.